பி.சி.ஓ.எஸ்.: அறிகுறிகளை அறிதலும் நோயை உறுதி செய்தலும்

ஒரே மக்கள் தொகுதியை வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தால் வெவ்வேறு எண்ணிக்கைகள் கிடைக்கும் என்பது, வறுமைக்கோட்டைப் பற்றிப் பயின்ற மாணவர்களுக்குப் புதிய செய்தியன்று. மருத்துவத் துறையிலும் இத்தகைய நிலை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாட்டின் பல மண்டலங்களில் 18 முதல் 40 வயது வரையிலான 9,800-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடத்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2024-ஆம் ஆண்டில் வெளியாயின. சினைப்பைப் பலநீர்க்கட்டி நோய்த்தொகுதி, அதாவது சுருக்கமாக பி.சி.ஓ.எஸ். எனப்படும் நிலை, இப்பெண்களிடையே எவ்வளவு பரவியுள்ளது என்பதே ஆய்வின் பொருள். ஓர் இலக்கணத்தின்படி 7.2 சதவிகிதம், மற்றொன்றின்படி 13.6 சதவிகிதம், மூன்றாவதன்படி 19.6 சதவிகிதம் என்று விடை கிடைத்தது.

இம்மூன்றில் எது சரி என்று வினவுவதைவிட, இந்த வேறுபாடு ஏன் எழுகிறது என்று அறிவதே பயனுடையதாகும். அதை அறிந்துகொண்டால், இந்நோயை எவ்வாறு இனங்காண்பது, எந்தச் சோதனை எப்போது தேவை, எது தேவையற்ற செலவு என்பனவும் விளங்கும். நலவாழ்வுத் துறையில் பணியாற்றும் அலுவலர்களுக்கும், இத்துறையைப் பயிலும் மாணவர்களுக்கும் இவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் தன்மை

1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகரைச் சேர்ந்த ஸ்டைன், லெவெந்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் நோய் விவரங்களை வெளியிட்டனர். மாதவிடாய் தவறுதல், மகப்பேறின்மை, மிகையான ரோம வளர்ச்சி, பெருத்த சினைப்பைகள் ஆகியவை அப்பெண்களிடம் சேர்ந்து காணப்பட்டன. நெடுங்காலம் அம்மருத்துவர்களின் பெயராலேயே இந்நிலை அழைக்கப்பட்டு வந்தது.

பின்னர் வழக்கிற்கு வந்த 'பலநீர்க்கட்டி' என்னும் பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தருகிறது. சினைப்பையில் காணப்படுபவை உண்மையான கட்டிகள் அல்ல. மாதந்தோறும் சினைப்பையில் பல நுண்ணறைகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முதிர்ந்து சினைமுட்டையை வெளியிடுவதே இயல்பு. இந்நிலையில் அவ்வளர்ச்சி இடையில் நின்றுவிடுகிறது. முதிராமல் தேங்கிய நுண்ணறைகளே ஸ்கேன் படத்தில் மணிகள் கோத்தாற்போல் தோன்றுகின்றன. எனவே, 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டு அறுவை சிகிச்சையையோ புற்றுநோயையோ எண்ணி அஞ்சுவதற்கு இடமில்லை.

இத்தேக்கத்திற்குக் காரணம் ஹார்மோன்களின் சமநிலை குலைவதாகும். ஆண்களின் உடலில் மிகுதியாகவும் பெண்களின் உடலில் சிறிதளவும் சுரப்பவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். இந்நோயில் சினைப்பை அவற்றை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இதில் இன்சுலினுக்கும் பெரும்பங்கு உண்டு. உடலின் திசுக்கள் இன்சுலினுக்கு உரியவாறு செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. மேலும், இரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிணைத்து வைக்கும் புரதம் ஈரலில் உற்பத்தியாவதையும் குறைக்கிறது. இதனால் தடையின்றிச் செயற்படும் ஆண்ட்ரோஜனின் அளவு கூடுகிறது. மாதவிடாயில் தோன்றும் கோளாறும், பிற்காலத்தில் தோன்றும் நீரிழிவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது இதனால் தெளிவாகும்.

அறிகுறிகள்

அறிகுறிகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, மாதவிடாய் ஒழுங்கின்மை. பூப்பெய்தி மூன்றாண்டுகள் கடந்த பெண்ணுக்கு இரு மாதவிடாய்களுக்கு இடையிலான காலம் 21 நாட்களுக்குக் குறைந்தோ 35 நாட்களுக்கு மிகுந்தோ இருந்தாலும், ஓராண்டில் எட்டு முறைக்கும் குறைவாக மாதவிடாய் வந்தாலும் அது ஒழுங்கின்மையாகக் கருதப்படும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் உதிரப்போக்கு சிலருக்கு மிகுதியாகவும் பல நாட்கள் நீடிப்பதாகவும் இருந்து, இரத்தசோகைக்கு இடமளிக்கும்.

இரண்டாவது, ஆண்ட்ரோஜன் மிகுதியின் வெளிப்பாடுகள். மேலுதடு, முகவாய், மார்பு, வயிறு, முதுகு, தொடை போன்ற இடங்களில் தடித்த கருநிற ரோமம் வளர்தல், நீங்காத முகப்பரு, உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைதல் ஆகியவை இவ்வகையைச் சாரும். ரோம வளர்ச்சியை மதிப்பிட மருத்துவர்கள் உடலின் ஒன்பது பகுதிகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடுகின்றனர். பெண்ணின் இனவழியைப் பொறுத்து, மொத்தம் நான்கு முதல் ஆறு மதிப்பெண்ணை எட்டினாலோ கடந்தாலோ அது மிகையெனக் கொள்ளப்படும். பல பெண்கள் மருத்துவரிடம் வருமுன்னரே ரோமத்தை அகற்றிவிடுகின்றனர். ஆகவே, கண்ணால் காண்பதோடு நில்லாது, எவ்வளவு நாட்களுக்கு ஒருமுறை அகற்ற நேர்கிறது என்று பரிவுடன் கேட்டறிதலும் சோதனையின் ஒரு பகுதியாகும்.

மூன்றாவது, வளர்சிதை மாற்றம் சார்ந்த அறிகுறிகள். இடுப்பைச் சுற்றி எடை கூடுதல், கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்தல் ஆகியன இன்சுலின் சரிவரச் செயற்படாமையைக் காட்டுகின்றன. கழுத்தின் கருமையை அழுக்கு என்றெண்ணித் தேய்த்துக் கழுவும் வழக்கம் உண்டு. அது தேய்ப்பதால் நீங்குவதன்று. அதேவேளையில், மெலிந்த உடலினருக்கும் இந்நோய் வரக்கூடும். எடை மிகாதவர் என்ற காரணத்தால் நோயில்லை என்று முடிவு செய்துவிடலாகாது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நிலை இருப்பின் கூடுதல் கவனம் தேவை.

இவை தவிர, மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயுள்ள பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன. தோற்றத்தைக் குறித்த ஏளனமும், மகப்பேறு தாமதமானால் குடும்பத்தில் எழும் பழிச்சொல்லும் இச்சுமையைக் கூட்டுகின்றன.

இலக்கணங்கள் மூன்று

இனி, தொடக்கத்தில் கூறிய எண்ணிக்கை வேறுபாட்டிற்கு வருவோம். நோயை உறுதி செய்யக் கருதப்படும் கூறுகள் மூன்று: சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படாமை, உடலிலோ இரத்தத்திலோ ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் பல நுண்ணறைகள் கொண்ட சினைப்பைத் தோற்றம்.

1990-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆதரவில் கூடிய வல்லுநர்கள், முதலிரண்டு கூறுகளும் ஒருங்கே இருத்தல் வேண்டும் என்றனர். 2003-இல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் கூடியவர்கள், மூன்றில் எவையேனும் இரண்டு இருந்தால் போதும் என்றனர். 2006-இல் இத்துறை சார்ந்த பன்னாட்டுக் கழகம் ஒன்று, ஆண்ட்ரோஜன் மிகுதி கட்டாயம் என்றும், அதனுடன் எஞ்சிய இரண்டில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. முதல் இலக்கணம் குறுகிய வலை. ராட்டர்டாம் இலக்கணம் அகன்ற வலை. ஆகவே 7.2, 13.6, 19.6 என்ற மூன்று எண்களும் முறையே 1990, 2006, 2003 ஆகிய ஆண்டுகளின் இலக்கணங்களிலிருந்து பிறந்தவை. ஆய்வறிக்கைகளையோ புள்ளிவிவரங்களையோ ஒப்பிடும் அலுவலர், எந்த இலக்கணத்தின்படி எண்ணினர் என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். இல்லையேல், இரு மாநிலங்களின் அளவுகோல் வேறுபாட்டை நோயின் வேறுபாடாகக் கொள்ளும் பிழை நேரும்.

2018-இல் வெளியிடப்பட்டு 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி நெறிகள், வயதுவந்த பெண்களுக்கு ராட்டர்டாம் இலக்கணத்தையே அடிப்படையாகக் கொண்டு, சோதனைகளுக்கு ஒரு வரிசைமுறையை வகுத்துள்ளன. மாதவிடாய் ஒழுங்கின்மையும், ஆண்ட்ரோஜன் மிகுதியின் உடல் அறிகுறிகளும் தெளிவாக இருந்தால், பிற நோய்களை விலக்கிய பின், ஸ்கேன் இன்றியே நோயை உறுதி செய்யலாம். உடல் அறிகுறிகள் இல்லையெனில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் அளவு பார்க்கப்படும். முதலிரண்டு கூறுகளில் ஒன்று மட்டும் இருந்தால்தான் ஸ்கேன் தேவைப்படுகிறது. வயதுவந்தோருக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் என்னும் இரத்தச் சோதனையையும் செய்யலாம்.

ஆகவே கேட்டறிதல் முதலிலும், கண்டறிதல் அடுத்தும், இரத்தச் சோதனை அதன் பின்னும், கருவி இறுதியிலும் வருகின்றன. நடைமுறையிலோ இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக நிகழ்கிறது. முதல் நாளிலேயே ஸ்கேன் எடுக்கப்பட்டு, மற்ற விவரங்கள் கேட்கப்படாமல், படத்தைக் கொண்டே நோயின் பெயர் சூட்டப்படுகிறது. வேறு கோளாறு ஏதுமில்லாத பல இளம்பெண்களின் சினைப்பைகளும் ஸ்கேனில் அவ்வாறு தோன்றுவதுண்டு. அத்தோற்றம் மட்டும் நோயாகாது.

வளரிளம் பருவத்தினர்

இவ்வெச்சரிக்கை வளரிளம் பெண்களுக்குப் பெரிதும் பொருந்தும். பூப்பெய்திய முதலாண்டில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பு. அதன்பின் மூன்றாண்டு நிறையும்வரை 21 முதல் 45 நாட்கள் வரையிலான இடைவெளி ஏற்கத்தக்கது. முதலாண்டு கழிந்தபின் ஏதேனும் ஓர் இடைவெளி 90 நாட்களைக் கடந்தாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இப்பருவத்தினருக்கு நோயை உறுதி செய்ய, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி ஆகிய இரண்டுமே இருத்தல் வேண்டும். பூப்பெய்தி எட்டாண்டுகள் ஆகும்வரை ஸ்கேன் தோற்றத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது; ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன் சோதனையும் பொருந்தாது. ஒரு கூறு மட்டும் உள்ள பெண்ணை 'இடர்வாய்ப்பு உள்ளவர்' எனக் குறித்து, அறிகுறிகளுக்குச் சிகிச்சையளித்து, பின்னர் மீண்டும் ஆராய்வதே முறையாகும். பதினாறு வயதில் அவசரமாகச் சூட்டிய நோய்ப்பெயர், திருமணப் பேச்சு வரையில் ஒரு பெண்ணைத் தொடரும் என்பதை மறத்தலாகாது.

விலக்க வேண்டிய பிற நோய்கள்

இதே அறிகுறிகளைத் தரும் பிற நிலைகளும் உள்ளன. மாதவிடாய் தவறியவுடன் முதலில் விலக்கப்பட வேண்டியது கருவுற்றிருத்தல். அடுத்து, தைராய்டு குறைபாடும் புரோலாக்டின் மிகுதியும். இவற்றை இரத்தச் சோதனையால் அறியலாம். பிறவியிலேயே வரும் அட்ரினல் சுரப்பிக் கோளாற்றை அறியவும் தனிச் சோதனை உண்டு. உணவுக் குறைவு, கடும் உடற்பயிற்சி, மனவழுத்தம் ஆகியவற்றாலும் மாதவிடாய் நின்றுபோகலாம். சில மாதங்களுக்குள் ரோமம் விரைவாக வளர்ந்து, குரலும் தடித்தால் அது ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருக்கக்கூடும். அத்தகையவரைத் தாமதமின்றி உயர் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கருத்தடை மாத்திரை உட்கொள்பவருக்கு மாதந்தோறும் உதிரப்போக்கு ஒழுங்காக வரும். டெஸ்டோஸ்டீரோன் அளவும் குறைந்து காட்டும். எனவே, காரணம் அறியாமல் மாதவிடாயை வரவழைக்க மாத்திரை தருவது நோயை மறைக்குமேயன்றி அறிவிக்காது. டெஸ்டோஸ்டீரோன் சோதனைக்கு முன் குறைந்தது மூன்று மாதங்கள் அம்மாத்திரையை நிறுத்தியிருத்தல் நன்று. அக்காலத்தில் தேவைப்படுவோர் வேறு கருத்தடை முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

மேற்கூறியவற்றைப் பயிற்சியாகப் பொருத்திப் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதற்பெண்ணுக்கு வயது 24. ஆண்டுக்கு ஆறு முறையே மாதவிடாய் வருகிறது. மேலுதட்டிலும் முகவாயிலும் வயிற்றிலும் வளரும் தடித்த ரோமத்தை வாரந்தோறும் அகற்றுகிறார். மதிப்பெண் வரம்பைக் கடக்கிறது. முதலிரண்டு கூறுகளும் உள்ளன. பிற நோய்கள் விலக்கப்பட்டால் மூன்று இலக்கணங்களின்படியும் இவருக்கு பி.சி.ஓ.எஸ். உண்டு. ஸ்கேன் தேவையில்லை.

இரண்டாமவருக்கு வயது 16. பூப்பெய்தி ஈராண்டுகள் ஆகின்றன. 40 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய், சிறிதளவு முகப்பரு. இடைவெளி அவர் பருவத்திற்கு ஏற்றதே. யாரோ எடுத்த ஸ்கேனில் பல நுண்ணறைகள் தெரிந்தாலும் இவருக்கு நோய்ப்பெயர் சூட்டலாகாது.

மூன்றாமவருக்கு வயது 29, மெலிந்தவர், ஈராண்டுகளாக மகப்பேறு இல்லை. 45 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய். ரோமம் மிகவில்லை, டெஸ்டோஸ்டீரோன் இயல்பாக உள்ளது. இவருக்குத்தான் ஸ்கேன் பயனுடையது. பிற காரணங்கள் விலக்கப்பட்டு, ஸ்கேனிலும் உரிய தோற்றம் காணப்பட்டால், ராட்டர்டாம் இலக்கணத்தின்படி இவர் நோயுள்ளவர். மற்ற இரண்டின்படி அல்லர். 7.2-க்கும் 19.6-க்கும் இடையிலுள்ள பெண்களுள் இத்தகையோரும் அடங்குவர். கணவருக்கும் சோதனை செய்தல் இன்றியமையாதது என்று கூறவும் வேண்டுமோ?

உறுதி செய்த பின்

நோய் உறுதியான நாளிலேயே இரத்தச் சர்க்கரையின் நிலையை அறிதல் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தச் செய்து இரண்டு மணி நேரம் கழித்து அளவிடுவதே இதற்கு மிகவும் ஏற்ற சோதனை. அதன்பின், இடர்வாய்ப்பைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், கொழுப்பின் அளவு, மனநிலை ஆகியவையும் கவனிக்கப்பட வேண்டியவை. மாதவிடாய் நீண்டகாலம் வராதிருந்தால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. ஆண்டுகள் பல கடந்தால் அது புற்றுநோய்க்கு இடமளிக்கக்கூடும். மிகப் பெரும்பாலோருக்கு அந்நிலை வருவதில்லை என்பதையும், முறையான சிகிச்சையால் அதைத் தடுக்கலாம் என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் எளியது. உணவு, உடலுழைப்பு ஆகியவற்றில் சீர்மை அனைவருக்கும் அடிப்படை. தேவைக்கேற்ப, மருத்துவரின் மேற்பார்வையில், ஹார்மோன் மாத்திரை, மெட்ஃபார்மின், மகப்பேற்றை நாடுவோருக்கு லெட்ரசோல் ஆகியவை தரப்படுகின்றன. இந்நோயுள்ள பெண்களுள் பெரும்பாலோர் இயல்பாகவோ சிகிச்சையின் துணையுடனோ தாய்மை அடைகின்றனர்.

திட்டங்களிடையே ஓர் இடைவெளி

உலகளவில் இந்நோயுள்ள பெண்களில் 70 சதவிகிதம் வரையிலானோர் தமக்கு நோயிருப்பதை அறியாதுள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. நமது நாட்டில் இதற்கான வாய்ப்புகளை ஆராய்ந்தால் ஓர் இடைவெளி புலப்படுகிறது.

2014-இல் தொடங்கப்பெற்ற தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானோருக்குரியது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய தொற்றா நோய்களுக்கான மக்கள்தொகை அளவிலான பரிசோதனை 30 வயதினர் முதற்கொண்டே நடைபெறுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பத்தாண்டுகளில் பெண் பெரும்பாலும் கருவுற்றவராகவே நலவாழ்வுப் பணியாளரின் கண்ணில் படுகிறார். குடும்பநலப் பதிவேட்டிலும் மணமான பெண்களின் பெயர்களே இடம்பெறுகின்றன. கல்லூரியிலோ தொழிற்கூடத்திலோ வயலிலோ உள்ள மணமாகாத 22 வயதுப் பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பி.சி.ஓ.எஸ். தெளிவாக வெளிப்படுவதும், சர்க்கரைக் கோளாறு அரும்புவதும் பெரும்பாலும் இப்பத்தாண்டுகளிலேயே என்பது எண்ணத்தக்கது.

இவ்விடைவெளியை நிரப்பப் பெரும் முதலீடு தேவையில்லை. நோயறிதலின் முதற்படி கேள்விகளே என்று மேலே கண்டோம். கடந்த ஓராண்டில் எத்தனை முறை மாதவிடாய் வந்தது? முகத்திலோ உடலிலோ ரோமம் அகற்ற நேர்கிறதா? கழுத்தின் பின்புறம் கருத்துள்ளதா? குடும்பத்தில் நீரிழிவு உண்டா? இந்நான்கு வினாக்களை ஆஷா பணியாளரும், துணைச் செவிலியரும், கல்லூரி நலமையத்தினரும் கேட்கலாம். 2018 முதல் உருவாகி, இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று அழைக்கப்படும் நிலையங்களில் உடல் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கலாம். ஐயத்திற்குரியவரை மட்டும் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பினால் ஸ்கேன் கருவிகளின் சுமையும் குறையும். ஏழைக் குடும்பங்களின் வீண்செலவும் தவிர்க்கப்படும். தனியிடத்தில், ஏளனமின்றி, கேட்டதை வெளியிடாமல் காக்கும் பண்புடன் இவ்வினாக்கள் கேட்கப்பட வேண்டும் என்பது பயிற்சியில் வலியுறுத்தப்பட வேண்டிய ஒன்றாகும்.

தவறவிட்ட நோயறிதலுக்குரிய விலையை ஒரு பெண் பத்தாண்டுகளுக்குப் பின் நீரிழிவாகச் செலுத்துகிறாள். அவசரமான நோயறிதலுக்குரிய விலையை அச்சமாகவும் கடனாகவும் உடனே செலுத்துகிறாள். இவ்விரு இழப்புகளையும் குறைக்கும் வழி ஒன்றே. மாதவிடாய் நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே பெண்களுக்குக் கற்பித்து, அக்குறிப்பைக் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை நலவாழ்வுப் பணியாளரிடம் வளர்த்தல் வேண்டும்.